மூத்தவளுக்கு ஒரு சந்நிதி

திருப்பரங்குன்றத்தில் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனிடம் மகாசாமந்தனாக இருந்த சாத்தன் கணபதி, அங்கே கோயிலையும் குளத்தையும் திருத்திச் செப்பனிட்ட செய்தியை அது சொல்கிறது. அவனுடைய மனைவி நக்கன் கொற்றி செய்த அறத்தையும் தனியே குறிக்கிறது. அவள் இரண்டு தெய்வங்களுக்குக் கோயில் எடுத்தாள். ஒன்று துர்க்கை. மற்றது சேட்டை.

சேட்டை என்பவள் வடமொழியில் ஜ்யேஷ்டா. திருமகளுக்கு மூத்தவள். தமிழில் தவ்வை, முகடி, மூதேவி. இன்று இந்தக் கடைசிப் பெயர் காதில் விழுந்தாலே முகம் சுளிக்கிறோம். விளக்கு வைத்த நேரத்தில் தூங்குகிற பெண்ணையும், தலைவாராமல் வாசலில் நிற்கிற பெண்ணையும் அந்தப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். கேட்டை நட்சத்திரத்தில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஜாதகத்தை ஒதுக்குகிற வழக்கமும் ஓய்ந்துவிடவில்லை. அந்த நட்சத்திரத்தின் வடமொழிப் பெயரும் ஜ்யேஷ்டாதான். அரச பதவியில் இருந்த ஒருவனின் மனைவி, செல்வமும் செல்வாக்கும் உள்ளவள், தன் பெயர் நிலைக்கும்படி கல்லைக் குடைந்து இந்தத் தெய்வத்துக்கு இடம் கொடுத்தாள் என்றால், அவள் இவளிடம் கண்டது என்ன? இந்தக் கேள்விக்குப் புராணத்தைவிடச் சிற்பம் நேராகப் பதில் சொல்கிறது. எனவே கல்லிலிருந்தே தொடங்கலாம்.

பல்லவர், பாண்டியர், முற்காலச் சோழர் காலத்துத் தவ்வைச் சிற்பங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். நடுவில் அகன்ற இருக்கையில் தேவி அமர்ந்திருப்பாள். நம் கோயில்களில் அமர்ந்த தெய்வங்கள் பொதுவாக ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டிருக்கும், அல்லது இரண்டையும் மடித்திருக்கும். தவ்வையோ இரு கால்களையும் தரையில் ஊன்றி, தொடைகள் அகல, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மூத்த தாயைப் போல இருப்பாள். சரிந்த பெருவயிறு, கனத்த மார்பு, பருத்த தோள்கள். தலைமுடி அடுக்கடுக்காகப் பின்னப்பட்டு மகுடம்போல் உயர்ந்து நிற்கும். இந்தக் கொண்டையை ஆகமங்கள் வாசிகாபந்தம் என்கின்றன. கையில் சில இடங்களில் நீலோற்பல மலர். மற்றொரு கை தொடையிலோ இருக்கையிலோ ஊன்றியிருக்கும். வலப்புறம் மாட்டு முகத்தோடு ஒரு மகன், கையில் தடி. இடப்புறம் இளம்பெண்ணாக ஒரு மகள். மகனை மாந்தன் என்றும் மகளை மாந்தி அல்லது அக்னி மாதா என்றும் இன்றைய ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். அருகில் காக்கைக் கொடி. சில சிற்பங்களில் துடைப்பமும் கழுதையும் சேர்ந்துகொள்ளும்.

இந்த உருவத்தை வறுமையின் உருவம் என்று யாராவது சொல்ல முடியுமா? பட்டினியைச் செதுக்க நம் சிற்பிகளுக்குத் தெரியும். காரைக்கால் அம்மையாரின் விலா எலும்பையும் வற்றிய முலையையும் சாமுண்டியின் ஒட்டிய வயிற்றையும் அவர்கள் செதுக்கிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தவ்வையிடம் அந்த வற்றல் கிடையாது. வயிறு நிறைந்து, பிள்ளைகள் சூழ, அவசரம் ஏதுமின்றி இருக்கிறாள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அந்த அரசகுலக் கற்றளியிலேயே, அவளுக்கு இடம் இருக்கிறது. ஒளித்து வைக்கவேண்டிய தெய்வத்தை அரசன் தன் முதன்மைக் கோயிலில் வைத்திருக்க மாட்டான்.

இனி நூல்களுக்கு வருவோம். அங்கே நிலைமை வேறு. ரிக் வேதத்தின் பிற்சேர்க்கையாக வழங்கும் ஸ்ரீசூக்தம், பசியும் தாகமும் அழுக்குமான மூத்தவளை, அலட்சுமியை, அழிப்பேன் என்று திருமகளிடம் முறையிடுகிறது. இந்தச் சூக்தம் இன்றும் திருமஞ்சனத்தின்போது ஓதப்படுகிறது. அதாவது தங்கையின் வழிபாட்டுக்குள்ளேயே அக்காளை விலக்கும் மந்திரம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் போதாயன கிருஹ்ய மரபில் இதே தேவியை அழைத்து, சிங்கங்கள் பூட்டிய தேரில் வருகிறவளாக நினைத்து, படையல் இட்டு வழிபடும் முறையும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே வைதிக மரபு அவளை விரட்டவும் செய்தது, வரவேற்கவும் செய்தது. இந்த இரட்டை நிலை பிற்காலத்தில் வந்த குழப்பமன்று. தொடக்கத்திலிருந்தே அவளோடு இருக்கிறது.

லிங்க புராணக் கதை இதைவிட ஆழமானது. பாற்கடலில் ஆலகாலத்துக்குப் பின் ஜ்யேஷ்டை தோன்றினாள், அவளுக்குப் பின்னால் திருமகள் தோன்றினாள். துஸ்ஸகன் என்ற முனிவருக்கு அவளை மணம் முடித்தார்கள். போகிற இடமெல்லாம் வேதம் ஓதும் ஒலி, அடியார் கூட்டம், வேள்விப் புகை. அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நாங்கள் எங்கேதான் குடியிருப்பது என்று துஸ்ஸகன் மார்க்கண்டேயரைக் கேட்க, அவர் நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறார். கணவனும் மனைவியும் ஓயாமல் சண்டையிடும் வீடு. விருந்தினரை மதிக்காத வீடு. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, அவர்களுக்குக் கொடுக்காமல் பெரியவர்கள் உண்ணும் வீடு. அங்கெல்லாம் நீ தாராளமாக நுழையலாம் என்கிறார்.

பசித்த பிள்ளைக்கு முன் உண்பவனின் வீட்டில் கேடு குடியேறும் என்று சொன்ன அந்தப் புராணக்காரர் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. கேடு எங்கிருந்தோ வந்து விழுவதாக அவர் சொல்லவில்லை. மனிதர் நடக்கும் விதம் வாசலைத் திறக்கிறது, அவள் உள்ளே வருகிறாள். கதையின் முடிவு இன்னும் முக்கியம். துஸ்ஸகன் அவளை விட்டுவிட்டுப் பாதாளம் போகிறான். நான் எப்படிப் பிழைப்பேன் என்று அவள் கேட்கிறாள். பெண்கள் உனக்குப் படையல் இட்டு வழிபடுவார்கள் என்று அவன் சொல்லிவிட்டுப் போகிறான். கைவிடப்பட்ட மனைவியான அந்தத் தேவிக்குப் பெண்களின் வழிபாடே வாழ்வாதாரம். திருப்பரங்குன்றத்தில் சேட்டைக்குக் கோயில் செய்தது சாத்தன் கணபதியாக இல்லாமல் அவன் மனைவியாக இருந்ததை இதோடு சேர்த்துப் படித்தால், புராணம் தன் காலத்து வழக்கத்தையே பதிவு செய்திருக்கிறது என்று தோன்றுகிறது.

தமிழ் இலக்கியத்தில் அவளுடைய மிகப் பழைய தடம் திருக்குறளில் கிடைக்கிறது. மூன்று இடங்கள். அழுக்காறாமை அதிகாரத்தில் (குறள் 167), பிறர் ஆக்கம் பொறாதவனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டு விலகுகிறாள். ஆள்வினையுடைமையில் (617) சோம்பலில் மாமுகடியும், சோம்பலற்றவன் முயற்சியில் தாமரையாளும் தங்குகிறார்கள். சூது அதிகாரத்தில் (936) சூதாடிகள் முகடியால் மூடப்பட்டவர்கள் ஆகிறார்கள். பொறாமை, சோம்பல், சூது: லிங்க புராணம் வீட்டைப் பார்த்துச் சொன்னதை வள்ளுவர் தனிமனிதனைப் பார்த்துச் சொல்கிறார். பின்வந்த நிகண்டுகள் அவளுக்குக் கழுதை வாகினி, காக்கைக் கொடியாள், ஏகவேணி, கலதி, கெடலணங்கு என்று பெயர்களை அடுக்குகின்றன. இவற்றில் பாதி அவள் உருவத்தைச் சொல்கின்றன, பாதி அவளைப் பழிக்கின்றன.

வழிபாட்டுக்கு மிக வலுவான சான்று, அவளைப் பழித்த ஒருவரிடமிருந்தே வருகிறது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில், கருடனை ஊர்தியாக உடைய பெருமான் இருக்கும்போது சேட்டையின் மடியில் செல்வத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்களே என்று மக்களை நோக்கி வருந்துகிறார். அவர் கண்டனத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குள் இருக்கும் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காலத்து மக்கள் சேட்டையிடம் போனார்கள். அச்சத்தால் மட்டும் போகவில்லை, செல்வம் கேட்டுப் போனார்கள். கல்லில் நாம் கண்ட நிறைவான வயிறும் பிள்ளைகளும் இந்த எதிர்பார்ப்போடு பொருந்துகின்றன.

கோயில் அமைப்பும் இதையே சொல்கிறது. முற்காலச் சோழர் சிவாலயங்களில் மூலவரைச் சுற்றி எண்பரிவாரம் என்று எட்டுச் சிறு சந்நிதிகள் அமைத்தார்கள். சூரியன், எழுவர் அன்னையர், பிள்ளையார், முருகன், சேட்டை, சண்டேசர், சந்திரன், நந்தி. புதுக்கோட்டைக்கு அருகே திருக்கட்டளைக் கோயிலில் இந்த ஏற்பாட்டை இன்றும் காணலாம். மேற்குச் சுற்றில் பிள்ளையார், முருகன், அடுத்து சேட்டை என்பது பழைய வரிசை. இன்று பெரும்பாலான சிவாலயங்களின் மேற்குச் சுற்றில் பிள்ளையாரும் முருகனும் அப்படியே இருக்கிறார்கள். மூன்றாவது சந்நிதியில் கஜலட்சுமி. அக்காளின் இடத்தில் தங்கை வந்து அமர்ந்துவிட்டாள். ஒரு தெய்வத்தின் மறைவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் தடயம் வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அவள் மறைந்துவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் நிலக்கணக்கில், வரி நீங்கிய இடங்களாக ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு ஊர்த்தெய்வங்களின் கோயில்களும் வருகின்றன. ஐயன் கோயில், பிடாரி கோயில் என்ற அந்த வரிசையில் சேட்டையார் கோயிலும் உண்டு. மரியாதை விகுதியோடுதான் அரசு ஆவணம் அவளைக் குறிக்கிறது. அதற்குப் பின் புதிதாகச் செதுக்கப்பட்ட தவ்வைச் சிற்பங்கள் வேகமாகக் குறைகின்றன.

ஏன் குறைந்தன? ஒரே காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பக்தி இயக்கம் ஒரு காரணம். ஒரு பெருந்தெய்வத்திடமே எல்லாவற்றையும் கேட்கலாம் என்றான பிறகு, கேட்டைத் தடுக்கத் தனியே ஒருத்தி தேவைப்படவில்லை. அம்மனுக்குத் தனிச் சந்நிதி எழுப்பும் வழக்கம் சோழர் காலத்தின் பிற்பகுதியில் பரவியபோது, பெண் தெய்வத்துக்கான இடம் இறைவனின் துணைவிக்கு உரியதாயிற்று. கணவனால் விடப்பட்டவளுக்கு அந்த ஏற்பாட்டில் பொருத்தமான இடம் இல்லை. மங்கலம் என்ற கருத்து சுமங்கலி என்ற ஒரே உருவத்துக்குள் சுருங்கியதும் இதே போக்குதான். ஜூலியா லெஸ்லி என்ற ஆய்வாளர் 1991இல் வெளியிட்ட கட்டுரையில் திருமகளையும் மூத்தவளையும் இந்துப் பெண்கள் முன் வைக்கப்பட்ட இரு முன்மாதிரிகளாக ஆராய்ந்தார். ஒருத்தி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு, மற்றொருத்தி எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு. இந்தப் பார்வை இன்றைய வசைச்சொல்லை விளக்குகிறது. ஆனால் நக்கன் கொற்றியை விளக்கவில்லை. கூடாத முன்மாதிரிக்கு யாரும் கோயில் எடுப்பதில்லை.

இன்னொரு வாதம் கடந்த சில ஆண்டுகளாகத் தமிழில் பரவலாகப் பேசப்படுகிறது. தவ்வை ஆதியில் தூய வளமைத் தெய்வம், உழவர்களின் தாய், பிற்காலத்தில் வந்தவர்கள் திட்டமிட்டு அவளை மூதேவி ஆக்கினார்கள் என்பது அது. அவளை மீட்க நினைக்கும் உள்ளத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சான்று அந்த அளவுக்கு இடம் கொடுக்கவில்லை. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ்ச் சான்றான குறளிலேயே அவள் பொறாமைக்காரனுக்கும் சோம்பேறிக்கும் உரியவளாகத்தான் வருகிறாள். கேட்டை அவளிடமிருந்து பிரித்துவிட்டால் அவளுடைய முக்கியத்துவமே போய்விடும். அவள் கேட்டுக்கு உரியவளாக இருந்தாள், அப்படி இருந்தபடியே வணங்கப்பட்டாள். அம்மையைத் தருபவளும் இறக்குபவளும் மாரியே என்று நம்புகிற சமூகத்துக்கு இது புரியாத செய்தி இல்லை. கேட்டைக் கையில் வைத்திருப்பவள் நினைத்தால்தான் அது நம்மை விட்டுப் போகும். அது போன இடத்தில் வளம் வரும். சேட்டையின் மடியில் செல்வம் தேடியவர்களின் கணக்கு இதுவாகவே இருந்திருக்கவேண்டும்.

அவளுடைய அடையாளங்களும் இந்த இரட்டைத் தன்மை உடையவை. துடைப்பம் அழுக்கைத் தொடும் பொருள், அழுக்கை நீக்கும் பொருளும் அதுவே. காகம் கொடியில் இருந்தால் அமங்கலம். அமாவாசையன்று அதே காகம் உண்ட பிறகுதான் வீட்டார் உண்கிறார்கள், முன்னோரே வந்ததாக எண்ணி. கழுதையை இழிவாகப் பேசுகிறோம். ஆனால் ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று எழுதிய கழுதைப் படம் எத்தனை கடைகளின் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது! வட இந்தியாவில் அம்மை நோயின் தெய்வமான சீதளாவும் கழுதை மேல், துடைப்பம் ஏந்தித்தான் வருகிறாள். தச மகாவித்தைகளில் ஒருத்தியான தூமாவதி காக்கைக் கொடியோடும் முறத்தோடும் விதவைக் கோலத்தில் இருக்கிறாள். காசியில் அவளுக்குக் கோயிலும் அன்றாட வழிபாடும் உண்டு. இவர்கள் ஒரே தெய்வத்தின் கிளைகள் என்று நான் சொல்லவில்லை. கேட்டை ஒரு பெண்ணின் முகத்தோடு நினைத்து, அந்த முகத்தைப் பார்த்துப் பேசும் மரபு இந்த மண்ணில் பல இடங்களில் வேர்விட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பேச்சு முறிந்துபோனால் எஞ்சுவது விரட்டுதல். வங்காளத்தில் தீபாவளி இரவில், திருமகளை வழிபடும் முன், அலட்சுமிக்குச் சிறு உருவம் செய்து, வாசலுக்கு வெளியே கொண்டுபோய், முறத்தைத் தட்டி ஒலியெழுப்பித் துரத்தும் வழக்கம் பல குடும்பங்களில் உள்ளது. கேரளத்தில் கர்க்கடக மாதப் பிறப்புக்கு முந்தைய மாலையில் வீடு முழுக்கப் பெருக்கி, தேய்ந்த துடைப்பத்தையும் கிழிந்த முறத்தையும் வெளியே எறிந்து, சேட்டை வெளியே, ஸ்ரீபகவதி உள்ளே என்று கூவுவார்கள். அழகான சடங்குகள்தான். ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். விரட்டும் சடங்கில் கேடு அயலாள். திருக்கட்டளையின் சுற்றில் கேடு அண்டை வீட்டுக்காரி. பிள்ளையாரையும் முருகனையும் கும்பிட்டு வருகிறவன் அடுத்த அடியில் அவள் முன் நின்றாகவேண்டும். என் வீட்டில் பிள்ளை பசித்திருக்க நான் உண்டேனா, அயலான் வாழ்வைக் கண்டு புழுங்கினேனா என்று ஒரு கணமாவது நினைத்திருப்பான். அந்தக் கணம் நமக்கு இன்று இல்லாமல் போனதை ஓர் இழப்பாகவே கருதுகிறேன். கோயிலில் அவளுக்கு இருந்த இடத்தை எடுத்துவிட்டோம், வசையில் மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த வசையின் சுமையை வீட்டுப் பெண்கள் சுமக்கிறார்கள்.

இத்தேவியைப் பற்றிய முதல் விரிவான நவீன ஆய்வு, திருவிதாங்கூர் தொல்லியல் துறையில் பணியாற்றிய து. அ. கோபிநாத ராவ் 1914இல் வெளியிட்ட இந்து உருவவியல் நூலின் முதல் தொகுதியில் இருக்கிறது. ஆகம இலக்கணங்கள், புராணக் கதை, திருப்பரங்குன்றக் கல்வெட்டு எல்லாவற்றையும் அவர் ஒருங்கே வைத்துப் பார்த்தார். அவருக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஏரிக்கரையிலும் கண்மாய் மடையருகிலும் தவ்வைச் சிற்பம் கிடைத்தது என்ற செய்தி நாளிதழ்களில் இன்றும் வந்துகொண்டேயிருக்கிறது. கவிழ்த்துப் போட்டவை, துணி துவைக்கும் கல்லாக ஆனவை, திருப்பணியின்போது வெளியே எடுத்துப் போடப்பட்டவை எத்தனையோ.

ஆகவே படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குளக்கரையிலோ கோயில் மதிலோரத்திலோ, இரு கால்களையும் தொங்கவிட்டு அமர்ந்த பெருவயிற்றுப் பெண் உருவமும், பக்கத்தில் மாட்டு முகப் பிள்ளையும், காக்கைக் கொடியும் கண்ணில் பட்டால், அதைத் தீட்டென்று ஒதுக்காதீர்கள், இடம் மாற்றவும் முயலாதீர்கள். படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். மண்ணுக்கடியிலிருந்து வெளிப்படும் பொருளை அரசுக்குத் தெரிவிப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் முதலே நம் கடமை. கோயில் வளாகத்துக்குள்ளேயே கிடந்தால், அறங்காவலர்களிடம் பேசி, நிமிர்த்தி வைத்து, காலத்தையும் பெயரையும் எழுதிய பலகை ஒன்றை அருகில் நடச் சொல்லுங்கள். பெயரைத் தவ்வை என்றோ சேட்டையார் என்றோ எழுதச் சொல்லுங்கள்.